எனக்கு ஒரு சந்தேகம், கேப்டன்

நான் பிடித்த கால்களிலேயே ஊர் அதிகம் பேசிய கால் ஒரு நடுவருடையது.

கபடிப் பயிற்சியாளர் சான்றிதழை இப்போதுதான் கையில் வாங்கியிருக்கும் உங்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் நான் நடுவரைக் கடித்தேன் என்பதுவரைக்கும் போகும். கடிக்கவில்லை. பிடித்ததோடு சரி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கத்துப் பெண்கள் அணி ஒன்றில் இடது கார்னரில் நின்றேன். 'கபடி கபடி' என்று பாடி வருகிற ரைடரின் கணுக்காலைப் பிடித்து இழுப்பது என் வேலை. என் கையில் சிக்கிய கால் திரும்பிப் போனதில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. எங்கள் கோச் அதிகம் பேச மாட்டார். சட்டைப் பையில் பொரிகடலையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மென்றபடி நிற்பார். ஆனால் ஒன்றை மட்டும் தினமும் சொல்வார். "ரெஜினா, பிடிச்ச காலை விசில் ஊதுத வரைக்கும் விடாத. வானம் இடிஞ்சு விழுந்தாலும் விடாத."

கோயில் திருவிழாவுக்காக நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். மண் தரை. மாலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. எதிரணி ரைடர் ஓரக்கோட்டை ஒட்டி ஓடினாள். நான் பாய்ந்தேன். கண்ணிலும் வாயிலும் மண். ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கையில் ஒரு கால் இருந்தது. கொஞ்சம் தடிமனான கால், பேன்ட் போட்ட கால். அந்தக் காலத்தில் பெண்கள் அணிகள் பலவும் பேன்ட் போட்டுத்தான் ஆடும் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இழுத்தேன். ஆள் தொம்மென்று விழுந்தது.

"விடும்மா! ஏம்மா, விடும்மா!" என்று ஓர் ஆம்பளைக் குரல் கத்தியது. எதிரணிக் கோச் தந்திரம் செய்கிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். கூட்டம் கூக்குரலிட்டது. என்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். விசில் மட்டும் வரவே இல்லை. எப்படி வரும்? ஊத வேண்டியவர் என் பிடியில் குப்புறக் கிடந்தார். அவர் வாயிலிருந்து தெறித்த விசில் இரண்டடி தள்ளி மண்ணில் கிடந்தது.

கடைசியில் எங்கள் கோச்தான் வந்து விசிலை எடுத்து, வேட்டியில் துடைத்து, ஊதினார். நான் உடனே விட்டுவிட்டேன்.

போட்டிக் கமிட்டியார் என்னை ஒரு வருடம் ஆடக் கூடாது என்று தடை செய்யப் பார்த்தார்கள். கோச் அவர்கள் முன்னால் போய் நின்று, "அவ மேல தப்பில்ல. விசில் ஊதினாத்தான் விடணும்னு சொன்னது நான். அவ அதத்தான் செஞ்சா. தடை போடணும்னா எனக்குப் போடுங்க" என்றார். கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நொண்டிக்கொண்டே வந்த நடுவர்தான், "விடுங்கய்யா. பிடி நல்ல பிடி. எனக்கே விலக முடியல" என்று முடித்து வைத்தார். அந்தப் புள்ளியும் போனது, ஆட்டமும் போனது. மறுநாள் பயிற்சியில் கோச் தன் பாடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: "பிடிக்க முந்தி அது யாரு காலுன்னு பாரு."

நீங்கள் சொல்வதை உங்கள் ஆட்டக்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்றுதானே பயப்படுகிறீர்கள்? கேட்டுவிடுவார்கள் என்று பயப்படுங்கள்.

அதன் பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அணிக்கு ஆடினேன். முப்பத்தொன்றாவது வயதில் வலது முழங்கால் வீங்கியது. அலுவலக அணியின் கோச் வந்து கேட்டார். "ஜம்முன்னு இருக்கு சார்" என்றேன். வலியை மறைத்து நான்கு ஆட்டங்கள் ஆடினேன். ஐந்தாவதில் மூட்டு திரும்பிக்கொண்டது. ஆடிய நாட்கள் அத்தோடு முடிந்தன. ஆறு மாதம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது பயிற்சியாளர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். சும்மா இருக்க முடியாமல் செய்ததுதான். லட்சியம் அது இது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

சில ஆண்டுகள் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் ஓர் அண்ணாச்சி என் அலுவலகத்துக்கே வந்தார். மளிகைக் கடை வைத்திருந்தார். ஆண்கள் கபடி கிளப் ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். தொந்தி அவருக்கு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

"எம்மா, எங்க கோச் வெளியூர் போயிட்டாரு. பயலுவ கண்டபடி ஆடிக்கிட்டு அலையுதானுவ. நீ வந்து பாரேன்."

"ஆம்பளைங்க டீமுக்கா அண்ணாச்சி?"

"வேற யாரும் வரமாட்டேங்காவம்மா" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அணியில் பன்னிரண்டு பேர். லாரி ஓட்டுகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். உப்பு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால்தான் பயிற்சி. கேப்டன் இசக்கிமுத்து, ஓட்டப்பிடாரத்துக்காரன். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அவன் தோளைப் பார்த்தால் லாரியை அவனே இழுத்துக்கொண்டு போய்விடுவான் போல இருக்கும். நல்ல ரைடர். அதைவிட நல்ல சத்தம். முதல் நாள் நான் போய் நின்றதும் மிக மரியாதையாகச் சொன்னான்.

"மேடம், வழி தவறி வந்துட்டிய. லேடீஸ் டீம் அங்கன, சர்ச்சுக்குப் பின்னால."

பின்னால் பதினோரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

இரண்டு வாரம் அப்படியே போனது. நான் விசில் ஊதினால் டீ குடிக்கப் போவார்கள். ஓடச் சொன்னால் இசக்கிமுத்துவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டினால் ஓடுவார்கள், கழுத்தைச் சொறிந்தால் உட்கார்ந்துவிடுவார்கள். கோபத்தில் ஒருநாள் அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அவர் வந்து கத்துவார், பயல்கள் ஒருநாள் அடங்குவார்கள், மறுநாள் இன்னும் மோசமாகும். அதனால் வேறொரு வழி எடுத்தேன். அதை நேர்மையான வழி என்று சொல்ல மாட்டேன்.

பயிற்சி முடிந்து டீக்கடையில் அவன் தனியாக நின்றபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு ஒரு சந்தேகம், கேப்டன்."

"என்ன மேடம்?"

"வேம்பார் டீம்ல அந்த நெட்டை ரைடர் இருக்கான்லா. அவன் எப்பவும் இடது பக்கமாத்தான் திரும்புற மாதிரி எனக்குத் தோணுது. நீங்க அவனோட அஞ்சாறு மேட்ச் ஆடியிருக்கிய. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

இசக்கிமுத்து டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினான். அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"ஆமா மேடம். நான் ரொம்ப நாளாக் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

மறுநாள் காலை மைதானத்தில் அவன் குரல் கிட்டங்கிச் சுவரில் மோதித் திரும்பியது. "ஏலே, எல்லாரும் இங்கன வாங்க. வேம்பார் நெட்டையன் எந்தப் பக்கம் திரும்புவான்னு எவனாவது கவனிச்சியளால? நான் கவனிச்சிருக்கேன்."

அந்த வாரம் வேம்பார் அணியை முதல் முறையாக ஜெயித்தோம்.

அதற்குப் பிறகு எனக்கு வாரத்துக்கு மூன்று சந்தேகங்கள் வந்தன. கார்னருக்கு உள்பக்கம், வலது கவரில் நிற்பவன் ஒரு நொடி முந்திப் பாய்கிறானோ? உப்பளத்தில் வேலை பார்க்கும் தாமஸ் பேசவே மாட்டான், ஆனால் அவனை ரைடுக்கு அனுப்பிப் பார்த்தால் என்ன? முதல் பாதியில் மூச்சை மிச்சம் பிடித்தால் இரண்டாம் பாதிக்கு ஆகுமோ? ஒவ்வொரு சந்தேகமும் மறுநாள் கேப்டனின் கட்டளையாக மாறியது. ஆட்டத்தின் நடுவே டைம் அவுட் எடுக்கும்போதும் அப்படித்தான். நான் அவன் காதில் முணுமுணுப்பேன், அவன் அணியிடம் முழங்குவான். ஜெயித்துக்கொண்டே போனோம். ஊரில் எல்லோரும் கேப்டனின் மூளையைப் பற்றிப் பேசினார்கள். அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இசக்கிக்குத் தலைக்குள்ள பெரிய மெசினு ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வலிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வலித்தது. ஆனால் பன்னிரண்டு ஆம்பளைகளை ஒரு டீக்கடையில் நின்று ஆட்டிவைக்கிறோம் என்கிற கள்ளச் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் ஓட்டுகிறேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதி எட்டயபுரத்தில் நடந்தது. இசக்கிமுத்துவின் மாமனார் ஊர் அது. மாமனார் கருப்பட்டி வியாபாரி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இசக்கிமுத்துவின் மனைவி, மடியில் குழந்தை.

முதல் பாதி முடியும் நேரத்தில் இசக்கிமுத்துவை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். வலது தோள் அடியில் போய் மாட்டியது. எழுந்து கையை உதறிக்கொண்டான். இடைவேளையில் நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பாட்டிலை இடது கையால் எடுத்தான். முகத்தை இடது கையால் துடைத்தான். யாரோ வலது தோளில் தட்டியபோது அவன் தாடை இறுகியது.

"தோள்பட்டை எப்படி இருக்கு, கேப்டன்?"

"ஜம்முன்னு இருக்கு மேடம்."

அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. இன்னொரு முறை அந்தக் கையை யாராவது இழுத்தால் தோள் கழன்றுவிடும். தோள் போனால் கபடி மட்டும் போகாது. கன்டெய்னர் லாரியின் ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் திருப்ப முடியாது.

கோச் நினைத்தால் ஆளை மாற்றலாம், விதி இருக்கிறது. ஆனால் மாமனார் முன்னால், மனைவி முன்னால், அவன் வெளியே வர மாட்டான். வா என்று நான் கத்தினால் அணி என் பக்கம் நிற்காது. காயம் என்று வாய்விட்டுச் சொன்னால் எதிரணி அந்தத் தோளையே குறி வைக்கும். யோசிக்க ஒரு நிமிடம்தான் இருந்தது.

அப்போது அவன் இடது கை சுண்டுவிரல் என் கண்ணில் பட்டது. அதில் ஒரு நகம் வளர்த்திருந்தான். கால் அங்குல நீளம், பளபளவென்று, கலியாணத்துக்கு முன்னாலிருந்தே வளர்ப்பது. கபடியில் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நகத்தை எல்லா நடுவர்களும் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

நான் நேராக நடுவரிடம் போனேன். "சார், எங்க கேப்டன் நகத்தைக் கொஞ்சம் பாருங்க."

நடுவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இந்த டீம் கோச்தான?"

"ஆமா சார். விதின்னா எல்லாருக்கும் விதிதான சார்?"

அவருக்கு வேறு வழி இல்லை. இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, கையைப் பார்த்து, நகத்தை வெட்டாமல் உள்ளே வரக் கூடாது என்றார். "உங்க கோச்தான்ப்பா சொன்னாங்க" என்று கூடுதலாக ஒன்றைச் சேர்த்தார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மைக் பிடித்துக்கொண்டிருந்த வர்ணனையாளருக்கு அன்று முழுக்கக் கிடைத்த நல்ல விஷயம் அதுதான். "நகம் வெட்டாத காரணத்தால்... அணியின் கேப்டன்... இசக்கிமுத்து அவர்கள்... களத்தை விட்டு வெளியேற்றப்படுகிறார்!" எட்டயபுரமே சிரித்தது.

முன்வரிசையிலிருந்து மாமனார் மெதுவாக எழுந்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். அதில் ஒரு நகவெட்டி தொங்கியது. மருமகனிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

நான் தாமஸை உள்ளே அனுப்பியிருந்தேன். இரண்டு நிமிடத்தில் இசக்கிமுத்து வந்து நின்றான். "வெட்டியாச்சு மேடம். போகட்டுமா?"

"ரைடு நடக்கு. பொறுங்க."

சிறிது நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். "இப்ப?"

"தாமஸ் நல்லாப் பாடுதான். அடுத்த டைம் அவுட்ல பாப்போம்."

அடுத்த டைம் அவுட் வரவில்லை. நான் எடுக்கவில்லை. தாமஸ் பாடினான், மூன்று புள்ளியில் ஜெயித்தோம். மறுநாள் மருத்துவர் தோளைப் பார்த்துவிட்டு, தசை லேசாகக் கிழிந்திருக்கிறது, இரண்டு வாரம் கையைத் தூக்கக் கூடாது, நேற்று இன்னொரு இழுப்பு விழுந்திருந்தால் அறுவைச் சிகிச்சைதான் என்றாராம். இதை அண்ணாச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இசக்கிமுத்து என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தான்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அவனைக் கூப்பிட்டு, "தோளுக்காகத்தான் செஞ்சேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டீக்கடைச் சந்தேகங்களிலேயே ஓட்டி, அவனிடம் எதையும் நேரடியாகச் சொல்லிப் பழக்கமில்லாமல் போயிருந்தது. தானே புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன். தன்னை மாமனார் ஊரில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினேன் என்றுதான் அவன் புரிந்துகொண்டான். வேறு எப்படிப் புரிந்துகொள்வான்?

ஒரு மாதம் கழித்து வேம்பாரில் இறுதி ஆட்டம். எதிரே வேம்பார் அணி. இசக்கிமுத்துவின் தோள் ஆறியிருந்தது, நன்றாகவே ஆடினான். கடைசி மூன்று நிமிடம் இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி முன்னிலை. டைம் அவுட் எடுத்தேன். முப்பது வினாடி. வழக்கம்போல அவன் காதருகே போனேன்.

"எனக்கு ஒரு சந்தேகம், கேப்டன். இனிமே நாம பாயவே வேண்டாமோ? அவன் வந்து வெறுங்கையோட போகட்டும். நாம ரைடு போறப்ப நேரத்தை முழுசா எடுத்துக்கிட்டு வந்தா..."

அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அணியின் பக்கம் திரும்பினான்.

"ஏலே, இனிமே நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. வாரவனை மொத்தமா ஏறிப் பிடிங்க. சோலியை முடிச்சிருவோம்."

வாயைத் திறந்தேன். விசில் ஊதிவிட்டார்கள்.

வேம்பார் நெட்டையன் வந்தான். எங்கள் ஆட்கள் மொத்தமாக ஏறினார்கள். அவன் குனிந்து, நழுவி, ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினான். இரண்டு புள்ளி முன்னிலை ஒரு புள்ளி பின்னடைவாக மாறியது. பதறி மறுபடியும் ஏறினார்கள். மீதிப் பேரும் அவுட். ஆட்டம் முடிந்தபோது ஆறு புள்ளி வித்தியாசம்.

அண்ணாச்சி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார். "என்னத்தம்மா சொல்லிக் குடுத்த? ஜெயிக்கிற மேட்ச்சு! கடைசி மூணு நிமிசத்துல இப்படியா ஆடச் சொல்லுவ?"

ஜெயித்த ஆட்டமெல்லாம் கேப்டனுடைய மூளை, தோற்ற ஆட்டம் மட்டும் கோச்சுடையது. உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். சொன்னால் அந்த ஒரு வரியோடு வருடம் முழுக்க நடந்ததும் வெளியே வரும். இசக்கிமுத்து பத்தடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் பேசாமல் நின்றேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அந்தக் கூத்தைத் தொடங்கியவள் நான்தானே. அண்ணாச்சி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறினோம். பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் நானும். யாரும் பேசவில்லை. காலியான மீன் கூடையோடு ஓர் அம்மா ஏறினாள். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏளா, எல்லாரும் எழவு வீட்டுக்குப் போயிட்டு வாரியளா?"

"மேட்ச்ல தோத்துட்டோம்க்கா."

"அவ்வளவுதானா? நான் பதறிட்டேன்."

அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. உப்பளங்கள் ஜன்னலோரம் போய்க்கொண்டே இருந்தன. திடீரென்று முன்னாலிருந்து இசக்கிமுத்து எழுந்தான். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றான். வழக்கமான சத்தம் இல்லை.

"ஏலே, எல்லாரும் கேளுங்க. இந்த வருசம் பூரா நான் சொன்னேன்லா... நெட்டையன் இடது பக்கம் திரும்புவான், தாமஸை ரைடுக்கு அனுப்பணும், மொதப் பாதியில மூச்சை மிச்சம் பிடிக்கணும்... அது ஒண்ணுகூட நான் சொன்னதில்ல. எல்லாம் மேடம் சொன்னது." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னைக்குச் சொன்னது மட்டுந்தான் நான் சொன்னது."

பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசவே பேசாத தாமஸ்.

"அது தெரியும்லே."

"என்னல தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில மேடம் உங்கிட்ட வந்து நிப்பாவ. மறுநா நீ வந்து கத்துவ. நாங்க என்ன குருடங்களா? கேப்டன் மனசு நோவக் கூடாதுன்னு பேசாம இருந்தோம்."

"பந்தயமே வச்சோம்லே," என்றான் வலது கவரில் ஆடுகிறவன். "நாளைக்கு நீ என்ன கண்டுபிடிப்பன்னு."

முதலில் சிரித்தது மீன் கூடைக்கார அம்மாதான். பிறகு பேருந்து முழுக்கச் சிரித்தது. இசக்கிமுத்து கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து குலுங்கினான். நான்தான் கடைசியாகச் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. ஒரு வருடம் நான் பன்னிரண்டு பேரை ஏமாற்றியதாக நினைத்திருந்தேன். பதினோரு பேர் என்னைச் சந்தோஷமாக வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் முதல் மாதமே நேராகப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள். நான்தான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

அதனால் நானும் எழுந்து நின்றேன். மூட்டு வலித்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டயபுரத்துல நகத்தைச் சொல்லி வெளிய எடுத்தது தோளுக்காகத்தான், கேப்டன். நீங்க ஒத்துக்க மாட்டியன்னு அப்படிச் செஞ்சேன். மறுநாளாவது சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

அவன் இடது கையைத் தூக்கிச் சுண்டுவிரலைப் பார்த்தான்.

"டாக்டர் சொன்னப்பவே பாதி புரிஞ்சுது மேடம், ரோசம்தான் விடல. ஆனா இன்னமும் எங்க மாமனார் வீட்டுக்கு வந்தாருன்னா, மொதல்ல என் கையத்தான் பாக்காரு."

மறுபடியும் பேருந்து சிரிப்பில் அதிர்ந்தது. நடத்துநர் வந்து, "எப்பா, ஜெயிச்சுட்டு வாரியளா?" என்று கேட்டார்.

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி காத்துக்கொண்டு நின்றார். வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவோடு வந்திருக்கிறார் என்பது அவர் நிற்பதிலேயே தெரிந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே இறங்கியது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"எம்மா, வருத்தப்படாத. நாளையிலேருந்து வேற கோச் பாக்கலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அணியை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அந்த ஒரு கணத்தில்தான் எனக்கே தெரிந்தது.

இசக்கிமுத்து முன்னால் வந்தான். "பாருங்க அண்ணாச்சி. அப்படியே வேற கேப்டனும் பாருங்க."

"என்னல சொல்லுத?"

"ரெண்டு கவருக்கும் ஆளு பாத்துருங்க அண்ணாச்சி" என்றான் வலது கவர், இடது கவரின் தோளில் கை போட்டபடி.

"கார்னருக்கும்" என்றது இன்னொரு குரல்.

"ரைடருக்கும்" என்றான் தாமஸ்.

அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "எல்லாரும் போயிட்டா நான் யாரை வச்சுல டீம் நடத்த?"

"நீங்களே பாடுங்க அண்ணாச்சி" என்றான் இசக்கிமுத்து. "உங்களை எவனும் கட்டிப் பிடிக்க முடியாது. கை எட்டாது."

அண்ணாச்சி குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்குவதற்காகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு முதல் நாள் என் அலுவலகத்தில் நின்ற அதே முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத்தானம்மா பிராக்டிஸு?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "அஞ்சு மணிக்கு."

பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் முனகினார்கள். ஒருவனும் கேப்டனைத் திரும்பிப் பார்க்கவில்லை.